தங்கச்சி போர்க்குற்ற வக்கீல் ஆகணும்ங்கிறா, என்னா படிக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

லோரிக்காரன்_சிப்புட்:

வணக்கம் எல்லாருக்கும். நான் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனை குலை ஏத்துற லோரி ஓட்டுறேன். எஸ்பிஎம் பரீட்சையோட படிப்ப நிறுத்திட்டேன் அதனால தப்பா கேட்டுட்டா மன்னிச்சுக்குங்க.

தங்கச்சி இப்போ பாரம் ஆறு, பல்கலைக்கழகம் போறதுக்கான எஸ்டிபிஎம் பரீட்ச எழுதப்போறா. வீட்ல டீச்சர் ஆயிடுவான்னு நெனச்சிக்கிட்டு இருந்தோம், அம்மா மட்டும் நர்ஸ் நர்ஸ்னு சொல்லிக்கிட்டு இருப்பாங்க. போன மாசம் ராத்திரி சாப்பிடறப்போ திடீர்னு சொல்றா நான் லா படிச்சு போர்க்குற்றம் பண்ணுனவங்கள கூண்டுல ஏத்துற வக்கீல் ஆகப்போறேன்னு. அப்பா சோத்துல வச்ச கைய எடுக்காம அப்படியே பாத்துக்கிட்டு இருந்தாரு, முப்பத்தஞ்சு வருஷம் பால்மரம் சீவுனவரு அவரு, கொஞ்ச நேரம் கழிச்சு "இங்க எங்கம்மா போர் நடக்குது"ன்னு கேட்டாரு. அம்மாவுக்கு வேற பயம், சண்ட நடக்கற ஊருக்கு புள்ளய அனுப்பிடுவாங்கன்னு.

அவ அலமாரி கதவுல ஒரு வெள்ளக்கார தாத்தா படம் ஒட்டி வச்சிருக்கா. பேரு பென் ஃபெரன்ஸாம். அவரு அப்பா அமெரிக்காவுல கட்டடத்துக்கு காவல் பாத்து கூட்டிப் பெருக்குறவராம், இவரு 27 வயசுலயே ஹிட்லர் ஆளுங்க மேல கேஸ் நடத்தி ஜெயிச்சாராம், அதுதான் அவரோட மொத கேஸாம். தோட்டத்து லயத்து வீட்டு புள்ளைக்கு அது போதும்ல. நான் கூகுள்ல தேடிப் பாத்தேன் எல்லாம் இங்கிலீஷ்ல நீளநீளமா இருக்கு பாதியில தூங்கிட்டேன்.

எனக்கு தெரிய வேண்டியது இவ்ளோதான். இது நெஜமாவே சம்பளம் வாங்குற வேலையா? மலேசியாவுல இருந்து யாராச்சும் போக முடியுமா? எத்தன வருஷம் படிக்கணும்? ஆபத்து இருக்கா? பிடிபிடிஎன்னு கவர்மென்ட் குடுக்கற படிப்புக் கடன் வாங்கி படிக்க வச்சுட்டு அப்புறம் வேல இல்லன்னா கடன் என் தலையில தான் விழும், அதையும் ஒளிக்காம சொல்லிடறேன்.

தே_தாரேக்:

போர்க்குற்றமா, எங்க வீட்டுக்கு வரச்சொல்லு தம்பி, பொண்டாட்டி தங்கச்சி கல்யாணத்துல நடந்ததுக்கே ஒரு கேஸ் போடலாம் 😂

சும்மா சொன்னேன் லா. ஆனா இதுக்கு எதுக்கு வெளிநாடு? நம்ம கேஎல்லயே வார் கிரைம்ஸ் டிரைபியூனல், அதாவது போர்க்குற்ற தீர்ப்பாயம் இருந்துச்சே, புஷ், டோனி பிளேர் ரெண்டு பேரும் குத்தவாளின்னு 2011ல தீர்ப்பு சொன்னாங்களே, அங்க போய் வேல கேட்டா பஸ்லயே போயிட்டு வந்துடலாம்.

வக்கீல்_அக்கா:

தே தாரேக் அண்ணே, அது மகாதீர் ஆரம்பிச்ச அமைப்பு, கவர்மென்ட் கோர்ட்டே கிடையாது. தீர்ப்பு சொன்னாங்க சரி, ஆனா அந்த தீர்ப்ப வச்சு ஒரு போலீஸ்காரர் கூட ஒருத்தர போய் புடிக்க முடியாது. தம்பி தங்கச்சி கேக்கறது வேற.

தம்பி, நான் ஈப்போவுல வக்கீல். அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் டிபிபியா இருந்தேன், அதாவது கவர்மென்ட் பக்கம் நின்னு கிரிமினல் கேஸ் நடத்தறவங்க. ஹேக்ல எனக்கு தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருக்காங்க, எனக்கே ஒரு காலத்துல அந்த ஆச இருந்துச்சு, கல்யாணம் புள்ளைங்கன்னு போகல. அதனால கொஞ்சம் நீளமா எழுதுவேன் பொறுத்துக்குங்க.

சம்பளம் வாங்குற வேலதான். பெரிய கோர்ட்டு ஐசிசி, அதாவது சர்வதேச குற்றவியல் நீதிமன்றம், நெதர்லாந்துல ஹேக் நகரத்துல இருக்கு, 1998ல ரோம்ல ஒப்பந்தம் போட்டு 2002 ஜூலையில இருந்து நடக்குது. 900 பேருக்கு மேல வேல செய்றாங்க, அதுல கோர்ட்டுல எழுந்து நின்னு பேசறவங்க கொஞ்சம் பேருதான். மத்தவங்க புலனாய்வு, பைல் படிக்கறது, மொழிபெயர்ப்பு, சாட்சிய பாதுகாக்கறது, கம்ப்யூட்டர் ஆளுங்க. குத்தம் பண்ணவங்க மேல கேஸ் நடத்தற வக்கீலதான் பிராசிகியூட்டர்னு சொல்வாங்க, மேல உக்காந்திருக்கற தலைமை பிராசிகியூட்டர உறுப்பு நாடுங்க ஓட்டு போட்டு 9 வருஷத்துக்கு எடுப்பாங்க, ஒருத்தருக்கு ஒரு தடவதான். மொதல்ல அர்ஜென்டினாக்காரர் மொரேனோ ஒகாம்போ, 2012ல இருந்து காம்பியா நாட்டு ஃபாத்தூ பென்சூடா அம்மா, அப்புறம் 2021ல கரீம் கான். பென்சூடா அம்மா சொந்த நாட்டுல கவர்மென்ட் வக்கீலா வேல செஞ்சுட்டு அப்புறம் ருவாண்டா இனப்படுகொலைய விசாரிச்ச ஐநா டிரைபியூனல்ல சேந்து அதுக்கப்புறம் தான் ஹேக் வந்தாங்க. இத தங்கச்சிக்கிட்ட அழுத்தி சொல்லுங்க, ஏன்னா இந்த வேலைக்கு நேரா காலேஜ்ல இருந்து யாரும் போறது இல்ல. நம்ம ஊரு கோர்ட்டுல திருட்டு கேஸ், வெட்டுக்குத்து கேஸ், கஞ்சா கேஸ்னு அஞ்சாறு வருஷம் ஓட்டணும். போலீஸ் எடுத்த சாட்சி ஸ்டேட்மென்ட்ல எங்க ஓட்ட இருக்குன்னு பாத்த உடனே தெரியணும், அது புக்குல வராது.

படிப்புன்னா எஸ்டிபிஎம்ல நல்ல பாயிண்ட் எடுத்து மலாயா பல்கலைக்கழகம் இல்லன்னா யூகேஎம், அதாவது தேசிய பல்கலைக்கழகத்துல எல்எல்பி சட்டப் படிப்பு, நாலு வருஷம். அங்க படிச்சா வக்கீல் ஆகறதுக்கான சிஎல்பி பரீட்ச எழுத வேணாம். இங்கேருந்தே லண்டன் பல்கலைக்கழக டிகிரி எடுக்கற லண்டன் எக்ஸ்டர்னல் மாதிரி படிச்சா சிஎல்பி எழுதியே ஆகணும், அதுல விழுந்து எழுந்தவங்க கத எங்கிட்ட நெறைய இருக்கு. அப்புறம் ஒம்பது மாசம் சேம்பரிங், அதாவது சீனியர் வக்கீல்கிட்ட பயிற்சி. அது முடிஞ்சதும் வக்கீல் ஆபீஸ் பக்கம் ஓடாம கவர்மென்ட் சட்ட சர்வீஸ்க்கு அப்ளை பண்ணணும், அங்க சேந்தாதான் டிபிபி ஆகலாம். ரெண்டு மூணு வருஷம் வேல பாத்த பிறகு பிரிட்டிஷ் கவர்மென்ட் குடுக்கற செவனிங் ஸ்காலர்ஷிப்ல பிரிட்டன்ல ஒரு வருஷம் எல்எல்எம் மேல்படிப்பு, கெடச்சா அதுக்கு ரெண்டு வருஷ வேல அனுபவம் கேப்பாங்க, செலவு அவங்களே பாத்துக்குவாங்க. அதனால தம்பி உங்க தலையில விழறது மொத நாலு வருஷத்து பிடிபிடிஎன் மட்டும்தான், அத டிபிபி சம்பளத்துலயே அவளே கட்டிடுவா.

அப்புறம் பிரெஞ்சு. ஐசிசிக்கு இங்கிலீஷும் பிரெஞ்சும் தான் வேல மொழி. இப்பவே போன்ல ஆரம்பிக்கச் சொல்லுங்க, காசு இல்லாம படிக்கறதுக்கு எவ்ளோவோ இருக்கு.

கம்பார்க்காரன்:

அக்கா எல்லாம் சரி ஆனா முக்கியமானத விட்டுட்டீங்களே. மலேசியா ஐசிசியிலயே இல்ல. 2019 மார்ச்ல கையெழுத்து போட்டாங்க, அரண்மனை பக்கம் எதிர்ப்பு, மாமன்னர் அதிகாரம் போயிடும்னு ஒரே சத்தம், ஏப்ரல்ல பின்வாங்கிட்டாங்க. ஒரு மாசம். நான் ஒட்டுக்கடையில வாங்குன சப்பாத்து கூட அதவிட கூட நாள் தாங்குச்சு. உறுப்பு இல்லாத நாட்டு பாஸ்போர்ட்ட வச்சுக்கிட்டு அந்தப் புள்ள அங்க போய் என்னா பண்ணும்? கனவ வளத்து விட்டுட்டு அப்புறம் அழவைக்கக் கூடாது.

வக்கீல்_அக்கா:

விடல தம்பி, அடுத்த பதிவுல எழுதலாம்னு இருந்தேன், லன்ச் டைம்ல எழுதறேன் கோர்ட்டு கூப்புட்டுடுச்சு.

நீங்க சொல்றது உண்மை. ஐசிசி பெர்மனென்ட் ஆபீசர் வேலைக்கு உறுப்பு நாட்டுக்காரங்கள தான் எடுப்பாங்க, மத்தவங்களுக்கு எப்பவாச்சும் தான் கதவு தொறக்கும். இன்டர்ன்ஷிப்லயும் உறுப்பு நாட்டுக்குத்தான் முன்னுரிமை. ஆனா ஐசிசி ஒன்னு மட்டும்தான் இருக்குன்னு நெனச்சாதான் இந்த கணக்கு. ஐநா நடத்தறது தனி. மலேசியா 1957லயே ஐநாவுல சேந்தாச்சு, அங்க நம்ம பாஸ்போர்ட் ஒரு பிரச்சனையே இல்ல. யூகோஸ்லாவியாவுக்கு 1993ல ஐநா வச்ச டிரைபியூனல்ல நம்ம மலேசிய நீதிபதி லால் சந்த் வோரா ஆரம்பத்துல இருந்து 2001 வரைக்கும் உக்காந்தாரு, இது நம்ம ஆளுங்களுக்கே பாதி பேருக்கு தெரியாது. இப்பவும் மியன்மாருக்கு ஒரு புலனாய்வு அமைப்பு இருக்கு, 2018ல ஐநா உருவாக்குனது, ஜெனிவாவுல. ரொஹிங்யா சாட்சிங்க எங்க இருக்காங்க? பாதி பேரு பங்களாதேஷ்ல, நெறைய பேரு நம்ம நாட்டுல, நீங்க காய்கறி வாங்குற பாசார்ல மூட்ட தூக்கிக்கிட்டு இருப்பாங்க. மலாய் தெரிஞ்ச, இந்த ஊரு தெரிஞ்ச வக்கீலுக்கு அங்க மதிப்பு இல்லன்னா சொல்றீங்க?

அப்புறம் எம்எச்17, உக்ரேன் மேல சுட்டு விழுத்துன நம்ம மலேசிய விமானம். 2014 ஜூலை 17, 298 பேரு, அதுல 43 பேரு நம்ம நாட்டுக்காரங்க. அத விசாரிச்ச கூட்டுக்குழுவுல நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, பெல்ஜியம், உக்ரேன் கூட மலேசியாவும் இருந்துச்சு. 2022 நவம்பர்ல டச்சு கோர்ட்டு மூணு பேருக்கு அவங்க வராமலே ஆயுள் தண்டன குடுத்துச்சு. அது கொலை கேஸா தான் நடந்துச்சு, ஆனா ஆதாரம் சேக்கற வேல அதே வேலதான்.

ஜெர்மனியில பாருங்க, கோப்லென்ஸ்னு ஒரு சாதாரண ஊர் கோர்ட்டு, சிரியாக்கார கர்னல் ஒருத்தன் அகதியா வந்து இருந்தான், அவன புடிச்சு 2022 ஜனவரியில ஆயுள் குடுத்துட்டாங்க. ஹேக்குக்கு போகவே இல்ல. இப்போ நெறைய கேஸ் இப்படித்தான் போகுது.

தே_தாரேக்:

அக்கா வோரா மேட்டர் எனக்கு புதுசு. கிண்டல் பண்ணதுக்கு தம்பி தங்கச்சிக்கிட்ட சாரி சொல்லிடு. ஆனா ஒரு சந்தேகம், போர்ல யார் யார சுட்டான்னு எப்படி கண்டுபிடிப்பாங்க? இங்க மோட்டர் திருடுனவனயே புடிக்க மாட்டேங்கறாங்க.

வக்கீல்_அக்கா:

நல்ல கேள்வி அண்ணே. சுட்டவன கண்டுபிடிக்கறது இல்ல கஷ்டம், சுடச்சொன்னவன காட்டறதுதான் கஷ்டம்.

எஸ்டேட்ட நெனச்சுப் பாருங்க. ஒரு தப்பு நடந்துச்சுன்னு வைங்க, வேலக்காரனக் கேட்டா தண்டல் சொன்னாருன்னுவான், தண்டலக் கேட்டா கிராணி சொன்னாருன்னுவாரு, கிராணியக் கேட்டா தொர உத்தரவும்பாரு, தொர என்னா சொல்வாரு, எனக்கு ஒன்னுமே தெரியாதே நான் பங்களாவுல இருந்தேன்னு சொல்வாரு. பிராசிகியூட்டர் வேல அந்த பங்களா வாசல் வரைக்கும் போய் நிக்கறது. அவருக்கு தெரிஞ்சிருந்துச்சு, இல்ல தெரிஞ்சிருக்கணும், தடுக்க அதிகாரம் இருந்தும் தடுக்கல, செஞ்சவன தண்டிக்கவும் இல்லன்னு ஒவ்வொரு படியா காட்டணும்.

ஸ்ரெப்ரெனிட்சா கேஸ் எடுத்துக்குங்க. போஸ்னியாவுல இருக்கற ஊரு அது. 1995 ஜூலையில போஸ்னிய செர்பு படை ஏறக்குறைய 8,000 ஆம்பளைங்களையும் பையன்களையும் கொன்னு மொத்தமா பொதச்சாங்க. அப்புறம் மாட்டிக்குவோம்னு பயந்து புல்டோசர் வச்சு பொணத்த தோண்டி வேற வேற எடத்துல மறுபடி பொதச்சாங்க. விசாரிக்கறவங்க என்னா செஞ்சாங்கன்னா ரெண்டு குழியிலயும் இருந்த மண்ண எடுத்து ஒப்பிட்டாங்க, தோட்டா கூடு, கண்ண கட்டுன துணி எல்லாத்தையும் ஒப்பிட்டு இந்தக் குழியில இருக்கறது அந்தக் குழியில இருந்து வந்ததுன்னு காட்டுனாங்க. இன்னொன்னு, எதிர்ப்பக்கம் போஸ்னியா சிப்பாய்ங்க ரேடியோவுல ஒட்டுக்கேட்டு சாதாரண நோட்டு புக்குல கையால எழுதி வச்சிருந்தாங்க. அந்த நோட்டு புக்கு கோர்ட்டுல ஆதாரம் ஆச்சு. செர்பு படை ஜெனரல் க்ரிஸ்டிச்சுக்கு 2001ல 46 வருஷம், அப்பீல்ல 35 ஆக்குனாங்க.

தங்கச்சி அலமாரியில ஒட்டுன ஃபெரன்ஸ் இருக்காரே, அவரு அந்த கேஸ்ல சாட்சின்னு யாரையும் கூப்புட்டு அழவைக்கல. பெர்லின்ல நாஜிங்களே எழுதி வச்ச ரிப்போர்ட்டு கெடச்சுச்சு, எந்த ஊர்ல எந்த தேதியில எத்தன பேர கொன்னோம்னு ஆபீஸ் கணக்கு மாதிரி எழுதியிருந்தானுங்க. இவரு ஒரு கூட்டல் மெஷின் வச்சு கூட்டிக்கிட்டே போனாரு, பத்து லட்சம் தாண்டுனதும் கூட்டறத நிறுத்திட்டாரு. பிராசிகியூஷன் தரப்ப ரெண்டே நாள்ல முடிச்சுட்டாரு. 22 பேரும் குத்தவாளி. அதான் சொல்றேன், மேடப்பேச்சு ஆச இருந்தா அரசியலுக்கு போகச்சொல்லுங்க, பழைய கணக்கு புக்க பாத்தா எடுத்து பொரட்டணும்னு கை பரபரக்கற புள்ளையா இருந்தா இதுக்கு வரச்சொல்லுங்க.

லோரிக்காரன்_சிப்புட்:

அக்கா இதப் படிச்சு காட்டுனேன். அவ வாய தொறக்கல, போயி அப்பாவோட பழைய செக்ரோல் சீட்டு, அதான் தோட்டத்து சம்பளக் கணக்கு, அந்தப் பெட்டிய எடுத்துட்டு வந்து தேதிவாரியா அடுக்க ஆரம்பிச்சுட்டா. எதுக்குன்னு கேட்டா சும்மான்னு சொல்றா.

பட்டர்வொர்த்_பொண்ணு:

இந்த திரட இப்பதான் பாத்தேன். நான் கம்போடியாவுல ப்னோம் பென்ல, அங்க ஆட்சி பண்ணி மக்கள கொன்னு குவிச்ச கெமர் ரூஜ் தலைவருங்க மேல கேஸ் நடந்தப்போ ஆறு மாசம் இன்டர்னா இருந்தேன், அதனால நாள் எப்படி போகும்னு சொல்றேன். காலையில எட்டு மணிக்கு உக்காந்தா சாயந்தரம் வரைக்கும் டிரான்ஸ்கிரிப்ட், சாட்சி சொன்னத எழுத்துல எடுத்து வச்சது. சாட்சி ரெண்டாயிரத்து சொச்சத்துல சொன்னதும் எம்பதுகள்ல சொன்னதும் ஒத்துப்போகுதான்னு வரிக்கு வரி பாக்கணும், கெமர் மொழியில இருந்து பிரெஞ்சுக்கு போயி அங்கேருந்து இங்கிலீஷுக்கு வந்திருக்கும், நடுவுல ஒரு வார்த்த மாறிடும், "கூட்டிட்டு போனாங்க"ங்கறது "இழுத்துட்டு போனாங்க"ன்னு ஆயிடும், அந்த ஒரு வார்த்தைக்கு நாலு நாள் ஓடும். எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டு அதத்தான் தேடுவாரு.

கெமர் ரூஜோட எஸ்-21 சிறைன்னு ஒன்னு, பழைய ஸ்கூல் கட்டடம். அங்க கொறஞ்சது 12,272 பேரு கொல்லப்பட்டாங்கன்னு கோர்ட்டு தீர்ப்புல எழுதியிருக்கு. உள்ள வந்த ஒவ்வொருத்தரையும் போட்டோ எடுத்து வச்சிருக்கானுங்க. அந்த சிறைக்கு தலைவனா இருந்த டூக் முன்னாடி கணக்கு வாத்தியாரு, பைல் அவ்ளோ சுத்தமா இருக்கும். அந்த போட்டோவ தெனம் பாக்கறது தான் கஷ்டம் அக்கா சொல்லாதது அது. எனக்கு மூணாவது வாரத்துல தூக்கம் போச்சு. ஒரு பொண்ணு கைக்கொழந்தையோட இருக்கற போட்டோ. இன்னிக்கும் கண்ண மூடுனா வரும். அங்க வேல செய்ற எல்லாரும் ஏதாச்சும் ஒன்னு வச்சிருப்பாங்க, ஒருத்தர் ஓடுவாரு, ஒருத்தர் சமைப்பாரு, நான் கோயிலுக்கு போகமுடியாம யூடியூப்ல தேவாரம் போட்டு கேப்பேன்.

காசு விஷயம், இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் சம்பளம் இல்லாம தான், ரூம் சாப்பாடு நாமதான். அந்த கோர்ட்டு 2006ல ஆரம்பிச்சு 2022ல முடிஞ்சு மொத்தம் மூணு பேரு மேலதான் தண்டன நின்னுச்சு. இத்தன வருஷம் இத்தன கோடி இதுக்கான்னு டாக்சிக்காரர் கேட்டாரு, எனக்கு அன்னிக்கு பதில் வரல. ஆனா ஒன்னு பாத்தேன், கோர்ட்டுக்கு வெளிய கிராமத்துல இருந்து பஸ் பஸ்ஸா கெழவிங்க வந்து எறங்கி கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அந்த ஆளு உக்காந்திருக்கறத பாத்துட்டு பேசாம திரும்பி போவாங்க.

கம்பார்க்காரன்:

ஒரு கேள்வி மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. முள்ளிவாய்க்காலுக்கு ஏன் இதெல்லாம் நடக்கல? 2009ல இங்க எல்லாரும் தீபாவளி கூட சரியா கொண்டாடல. இத்தன கோர்ட்டு இத்தன வக்கீல் இருந்தும் ஒருத்தன் கூட கூண்டுல ஏறலயே.

வக்கீல்_அக்கா:

இலங்கையும் ரோம் ஒப்பந்தத்துல சேரல. சேராத நாட்டுல நடந்தத ஐசிசி விசாரிக்கணும்னா பொதுவா அந்த நாடே ஒத்துக்கணும், இல்லன்னா ஐநா பாதுகாப்பு சபை அனுப்பணும், 2005ல டார்ஃபருக்கும் 2011ல லிபியாவுக்கும் அனுப்புனாங்க, இதுக்கு அனுப்பல. அங்க வீட்டோ வச்சிருக்கறவன் தயவு வேணும். சட்டத்தோட ஓட்ட அதுதான், நான் அத மூடி மறைச்சு பேச மாட்டேன்.

ஆனா ஒன்னுமே நடக்கலன்னும் இல்ல. 2011ல ஐநா நிபுணர் குழு அறிக்க வந்துச்சு, 2015ல மனித உரிமை ஆபீஸ் பெரிய அறிக்க குடுத்துச்சு, 2021 மார்ச்ல மனித உரிமை கவுன்சில் தீர்மானம் போட்டு ஆதாரங்கள சேத்து பாதுகாக்க ஜெனிவாவுல ஒரு குழு வச்சாங்க. நாளைக்கு எந்த நாட்டு கோர்ட்டுலயாச்சும் கேஸ் வந்தா குடுக்கறதுக்கு. அந்த சாட்சியமெல்லாம் எந்த மொழியில இருக்கும்னு நெனைக்கறீங்க? தமிழ்ல. தமிழும் சட்டமும் இங்கிலீஷும் ஒன்னா தெரிஞ்ச ஆளு உலகத்துல எத்தன பேரு இருக்கான். தங்கச்சிய தமிழ விட்டுடச் சொல்லாதீங்க, எஸ்பிஎம்ல தமிழ் இலக்கியம் எடுத்தா பாயிண்ட் கொறையும்னு யாரோ சொன்னாங்கன்னு விடற புள்ளைங்க எத்தனையோ.

பழைய_வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். வக்கீல் அம்மா சொன்னதில் ஒரு பெயரைச் சேர்க்க ஆசைப்படுகிறேன், நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்கா டர்பன்காரர், அவங்க முன்னோர் நம்மைப் போல கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா போன தமிழர். அப்பா பஸ் டிரைவர். ஊர் மக்கள் காசு சேத்து குடுத்து சட்டம் படிச்சாங்க. 1967ல நட்டால்ல சொந்தமா வக்கீல் ஆபீஸ் தொறந்த முதல் வெள்ளையரல்லாத பெண். பிறகு ருவாண்டா டிரைபியூனல்ல நீதிபதி. 1998ல ருவாண்டாவுல மேயரா இருந்த அக்காயெசு மேல நடந்த வழக்கில், பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலை ஆகலாம்னு முதல் தடவையா சொன்ன தீர்ப்பு, அந்த மூணு நீதிபதியில் இவங்க ஒருத்தர். லோரி ஓட்டுற தம்பி, உங்க அப்பாவுக்கு இதைச் சொல்லுங்க, பஸ் டிரைவர் மகள்னு.

வக்கீல்_அக்கா:

ஐயா வணக்கம். சின்ன விளக்கம் மட்டும், நீங்க சொன்ன மாதிரி அவங்க நீதிபதி, பிராசிகியூட்டர் இல்ல, தங்கச்சி ரெண்டையும் கொழப்பிக்கக் கூடாதுன்னு சொல்றேன். ஆனா அக்காயெசு கேஸ்ல ஒன்னு கவனிக்கணும், மொத குற்றப்பத்திரிக்கையில பாலியல் வன்கொடும இல்லவே இல்ல. சாட்சி சொல்ல வந்த ஒரு அம்மா வேற எதையோ சொல்றப்போ தான் அது வெளிய வந்துச்சு, அப்புறம் தான் குற்றப்பத்திரிக்கைய திருத்துனாங்க. பிராசிகியூட்டர் கேக்க மறந்த கேள்வி அது.

பழைய_வாத்தியார்:

நன்றி அம்மா, விளக்கத்தை ஏத்துக்கறேன்.

இதைப் படிச்சதும் எங்க வீட்டு ஞாபகம் வந்துடுச்சு. என் பெரியப்பாவ 1943ல சயாம் ரயிலுக்கு, அதாவது ஜப்பான்காரன் சயாம்ல இருந்து பர்மாவுக்கு போட்ட ரயில் பாதை வேலைக்கு கூட்டிட்டு போனாங்க. மூணு மாச வேலைன்னு சொல்லி, தோட்டத்துல காலையில பேரு கூப்புடற பெரட்டுக்களத்துல இருந்து லோரியில ஏத்துனாங்களாம். பெரியம்மா மூணு மாசம் ஆன அன்னிக்கு சமைச்சு வச்சிட்டு சடக்குல, ரோட்டுல போயி நின்னாங்களாம். அவரு வரவே இல்ல. 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 அக்டோபர்ல முடிச்சான் ஜப்பான்காரன். வெள்ளக்கார போர்க்கைதிங்க சுமார் 12,000 பேரு செத்தாங்க, அவங்களுக்கு காஞ்சனாபுரியில வரிசையா கல்லறை, ஏறக்குறைய 7,000 இருக்கு, நான் போயி பாத்தேன், ஒவ்வொன்னுலயும் பேரு. நம்ம ஆளுங்க அதைவிட பல மடங்கு செத்தாங்க, பேரு எழுதுன கல்லு ஒன்னு கூட என் கண்ணுல படல. போர் முடிஞ்சு சிங்கப்பூர்ல பிரிட்டிஷ்காரன் 131 வழக்கு நடத்துனான். அதுல பெரியப்பா மாதிரி ஆளுக்காக யாராவது எழுந்து நின்னானா?

வக்கீல்_அக்கா:

ஐயா, ரயில் சம்பந்தமா 111 பேர விசாரிச்சாங்க, 32 பேருக்கு மரண தண்டன. ஆனா கைதியா இருந்த ஆபீசருங்க ஒளிச்சு வச்சு டைரி எழுதுனாங்க, செத்தவங்க லிஸ்ட் வச்சிருந்தாங்க, போர் முடிஞ்சதும் நேரா போயி வாக்குமூலம் குடுத்தாங்க. தோட்டத்து ஆளுங்ககிட்ட போய் கேட்டவங்க ரொம்ப கம்மி. லிஸ்ட் இல்ல, பேரு இல்ல, எந்த கேம்ப்னு தெரியல. இத எழுதறப்போ எனக்கே கோவமா வருது.

லோரிக்காரன்_சிப்புட்:

ஐயா நீங்க எழுதுனத நேத்து ராத்திரி சத்தமா வாசிச்சேன், அப்பா டிவிய அமத்திட்டாரு. அப்புறம் சொல்றாரு, பழைய லயத்துல கடைசி வீட்ல ஒரு பாட்டி இருக்கு, தொண்ணூத்தி மூணு வயசு, அதோட அப்பனையும் அதே மாதிரி பெரட்டுல இருந்து தான் ஏத்திட்டு போனாங்க, அதுக்கு அப்போ பத்து வயசு, பக்கத்துல நின்னு பாத்துச்சாம்னு. நான் பொறந்ததுல இருந்து அந்தப் பாட்டிகிட்ட முறுக்கு வாங்கி தின்னிருக்கேன், இது எனக்கு தெரியவே தெரியாது. தங்கச்சி ஞாயித்துக்கெழம போயி போன்ல ரெக்கார்ட் பண்றேங்கிறா. எப்படி பண்ணணும்னு அக்காவ கேக்கச் சொன்னா. அம்மாவுக்கு இன்னும் பயம் போகல, ஆபத்து இருக்கான்னு கேட்டதுக்கு பதில் வரலன்னு சொல்லச் சொன்னாங்க.

வக்கீல்_அக்கா:

அம்மாவுக்கு மொதல்ல. வக்கீலுங்க பெரும்பாலும் ஆபீஸ்ல தான் இருப்பாங்க, விசாரிக்க போறவங்க கூட பாதுகாப்போட தான் போவாங்க. இப்போ ஆபத்து வேற மாதிரி வருது, 2020ல அமெரிக்கா பென்சூடா அம்மா மேல தட போட்டுச்சு, 2025ல கரீம் கான் மேல போட்டுச்சு, பேங்க் கணக்கு முடங்கும் விசா கெடைக்காது. ரஷ்யா 2023ல அவர தேடப்படும் ஆள் லிஸ்ட்லயே போட்டுச்சு. பெரிய ஆளு மேல கை வச்சா இது வரும். ஆனா அதெல்லாம் இருவது வருஷம் கழிச்சு வர்ற கவல அம்மா. இன்னொன்னு, கான்ட்ராக்ட் வேல அது, சில வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும், இத நான் மறைக்க விரும்பல.

இப்போ பாட்டி. மொதல்ல பாட்டிகிட்ட எதுக்குன்னு சொல்லி சரியான்னு கேக்கணும், வேணாம்னா விட்டுடணும். ரெக்கார்ட் ஓட ஆரம்பிச்சதும் தங்கச்சி அவ பேரு, தேதி, எடம், பக்கத்துல யார் யார் இருக்காங்கன்னு சொல்லணும். "ஜப்பான்காரன் அடிச்சானா"ன்னு கேக்கக்கூடாது, "அன்னிக்கு காலையில என்னா நடந்துச்சு"ன்னு கேக்கணும். நீங்களோ அப்பாவோ நடுவுல பூந்து எடுத்துக் குடுக்கக்கூடாது, பாட்டிக்கு ஞாபகம் இல்லன்னா இல்லன்னு இருக்கட்டும். பாத்தது எது மத்தவங்க சொல்லி கேட்டது எதுன்னு தனித்தனியா கேட்டு வைக்கணும். அழுதா நிறுத்திட்டு தண்ணி குடுங்க, ஆனா ரெக்கார்ட வெட்டாதீங்க. ஒரிஜினல் பைல் தொடாம அப்படியே ஒரு எடத்துல, காப்பி இன்னொரு எடத்துல. லோரியில வேற யார ஏத்துனாங்கன்னு கட்டாயம் கேளுங்க, பேரு, எந்த லயம், எத்தன புள்ளைங்க. பேருதான் வேணும்.

லோரிக்காரன்_சிப்புட்:

சரிக்கா எழுதிக்கிட்டா. ஒரு சந்தேகம், பாட்டிக்கு எடது காது சுத்தமா கேக்காது, வலது காதுலயும் கத்தணும். கேள்விய எழுதி காட்டலாமா?

பழைய_வாத்தியார்:

தம்பி, அந்தப் பாட்டிக்கு எழுத்து தெரியாதுப்பா, ஒரு காலத்துல அவங்க பேரனுக்கு நான்தான் வகுப்பாசிரியர், ரிப்போர்ட் புக்குல பெருவிரல் தான் வைப்பாங்க. நானும் ஞாயித்துக்கெழம வர்றேன், வலது காது பக்கம் நான் உக்காந்து தங்கச்சி கேள்விய அப்படியே திருப்பி சொல்றேன், ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன். எத்தன மணிக்கு வரட்டும்?

லோரிக்காரன்_சிப்புட்:

காலையில ஒம்பது மணிக்கு வாங்கய்யா, வீட்லயே பசியாறிட்டு போவோம். பாட்டி மத்தியானம் தூங்கிடும்.